கடைசி மூன்று நாள்கள் கோலாலம்பூரில்: உடன் பணியாற்றியவர்களை எப்படி வழியனுப்புவது?

கேள்வி: செந்தூல் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நேப்பாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு மலையூரில் பதினொரு மாதங்கள் தன்னார்வலராக இருந்துவிட்டு வரும் வியாழக்கிழமை ஊர் திரும்புகிறேன். காட்மாண்டுவில் ஒரு விடுதியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 2015 ஏப்ரல் 25ஆம் நாள் 7.8 அளவில் நிலம் குலுங்கியபோது அந்நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அது. இடிந்த வீடுகளை மக்கள் மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு வற்றிப்போன ஊற்றுகள் பல மீண்டும் ஊறவேயில்லை. நாங்கள் இருந்த ஊரில், மேலே காட்டுக்குள் இருக்கும் வேறோர் ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, ஒரு தொட்டி கட்டி, முப்பத்திரண்டு வீடுகளுக்கும் பொதுவாக ஐந்து குழாய்கள் வைத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

வெளிநாட்டிலிருந்து சென்றவர்கள் ஏழு பேர். கென்யாவின் நீர்ப்பொறியாளர் ஒருவர், பிலிப்பைன்ஸ் செவிலியர் அக்கா, ஜப்பானிய இளைஞர், ஆஸ்திரேலியாவில் தச்சுவேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர், கொழும்பைச் சேர்ந்த கணக்காளர், வியட்நாமியப் பெண்ணொருத்தி, பிறகு நான். உள்ளூரிலிருந்து இரண்டு இளைஞர்கள் முழுநேரமும் எங்களோடு இருந்தார்கள். திட்டத்தின் இறுதி மதிப்பீட்டுக் கூட்டம் கோலாலம்பூரில் நடக்கிறது. ஆகவே நாங்கள் ஏழு பேரும் ஒன்றாகவே பறந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் மூன்று நாள்கள் தங்குவோம். பிறகு சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு பிற்பகல் வரை ஒவ்வொருவராக விமானம் ஏறிவிடுவார்கள். என்னுடைய வீடு அங்கிருந்து அரைமணி நேரத் தொலைவில் செந்தூலில் இருக்கிறது.

மற்ற ஆறு பேரும் புறப்படுகிறவர்கள். நான் மட்டும் வழியனுப்புகிறவள். மலாயில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருப்பதைச் சின்ன வயதிலிருந்தே சொல்லிப் பழகியிருந்தும், இப்போதுதான் அதன் பொருள் எனக்கு உறைக்கிறது. போகிறவர் இருப்பவரைப் பார்த்து ‘செலாமாட் திங்கால்’ என்பார். இருப்பவர் போகிறவரைப் பார்த்து ‘செலாமாட் ஜாலான்’ என்பார். பதினொரு மாதங்கள் ஒரே அடுப்பில் பருப்பும் சோறும் சமைத்து, ஒரே கூரையின் கீழ் மழைக்கு ஒதுங்கி, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்ற ஆறு பேரும் தூங்காமல் இருந்தவர்களிடம், என் சொந்த ஊரில் நின்றுகொண்டு, ‘செலாமாட் ஜாலான்’ என்று ஆறு முறை சொல்லிவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வருவதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆடி மாத மழையில் ஒருநாள் தார்ப்பாயைச் சரியாக இழுத்துக் கட்டாமல் நான் படுக்கப் போய்விட்டேன். காலையில் ஒன்பது மூட்டை சிமெண்டு இறுகிக் கல்லாகிக் கிடந்தது. சாலை முடியும் இடத்திலிருந்து எங்கள் ஊருக்கு ஒன்றரை மணி நேர ஏற்றம். அந்த மூட்டைகளை ஊர்க்காரர்கள்தாம் நெற்றியில் நாம்லோ பட்டையை மாட்டி, முதுகில் சுமந்து கொண்டுவந்தார்கள். அவர்களில் நால்வர் பெண்கள். ஒன்பது மூட்டை என்றால் ஒன்பது பேருடைய முதுகு. கென்யப் பொறியாளர் ஊரார் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கடிந்துகொண்டார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். சொன்ன இடம்தான் எனக்கு வலித்தது. அன்றிலிருந்து நானும் அவரும் வேலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம். தொட்டி கட்டி முடிந்து, தண்ணீர் வந்து, ஊரே மஞ்சள் சாமந்தி மாலை போட்டு எங்கள் நெற்றியில் திலகமிட்ட நாளில்கூட, பக்கத்தில் பக்கத்தில் நின்றோமே தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இந்த மூன்று நாள்களை எப்படிச் செலவிடுவது? அந்தப் பழைய பேச்சை எடுப்பதா, அப்படியே விட்டுவிடுவதா? வெளிநாட்டில் சேர்ந்து பணியாற்றிப் பிரிந்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பட்டர்வொர்த் ஆசிரியர்

தங்கைக்கு வணக்கம். நான் வெளிநாடு சென்று தொண்டாற்றியவன் அல்லன். தொண்டாற்ற இங்கே வந்தவர்களிடம் படித்தவன். அமெரிக்காவின் ‘பீஸ் கோர்’ என்னும் அமைதித் தொண்டர் அமைப்பிலிருந்து 1962 முதல் 1983 வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் நம் நாட்டுக்கு வந்து, பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் வேலை செய்தார்கள். கெடாவில் நான் படித்த இடைநிலைப்பள்ளிக்கு, அறுபதுகளின் பிற்பகுதியில் அப்படி இருவர் வந்தார்கள். ஒருவர் அறிவியலும் மற்றவர் ஆங்கிலமும் நடத்தினார்கள். பள்ளிக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள்.

அறிவியல் ஆசிரியரின் இரண்டாண்டுக் காலம் முதலில் முடிந்தது. அவரை வழியனுப்ப நாங்கள் பதினைந்து மாணவர்கள் பட்டர்வொர்த் ரயில் நிலையத்துக்குப் போனோம். நாங்கள் மாலை போட்டோம், பாடினோம், கத்தினோம். அவருடன் ஒரே வீட்டில் இருந்தவர் மட்டும் எங்களோடு சேராமல், சாமான்களை எண்ணுவதும் மறுபடி எண்ணுவதுமாக இருந்தார். வண்டி நகரத் தொடங்கியபோது இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். திரும்பும்போது அவர் எங்களோடு பேருந்தில் ஏறவில்லை. நடந்தே வருகிறேன் என்றார். அது எவ்வளவு தூரம் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் வகுப்பில் முகம் வீங்கியிருந்தது. இருப்பவருக்கு இருக்கும் பாரத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். ஆகவே உங்கள் நெஞ்சு கனப்பதில் வியப்பேதும் இல்லை. நீங்கள் வீட்டில் இருந்தாலும் விட்டுச்செல்லப்படுகிறவர் நீங்கள்தாம்.

அந்த முடிச்சைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். முப்பத்தோராண்டுகள் மலாய் ஆசிரியர்களோடு வேலை பார்த்தவன் நான். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பணிமாற்றலாகிப் போகிறவர் ஒவ்வொருவர் கையையும் பற்றி, ‘ஹலால்கான் மாக்கான் மீனும்’ என்பார். இதுவரை உங்களோடு இருந்து நான் உண்டதையும் குடித்ததையும் மனமார எனக்கு ஆக்கிவிடுங்கள், என் கணக்கில் கடனாக நிற்க வேண்டாம் என்பது அதன் கருத்து. அதோடு தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்வார். எந்தப் பிழை, யாருடைய பிழை என்று எவரும் விசாரிப்பதில்லை. இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நம்மிடம் ‘போய் வருகிறேன்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. போகிறேன் என்று மட்டும் சொல்ல நம் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஆனால் மனக்கசப்பைக் கழுவிவிட்டுப் போவதற்கென்று நம்மிடம் அப்படி ஆகிவந்த ஒரு சொல் இல்லை. நாமாகத்தான் வாய் திறக்க வேண்டும். நீங்கள் வாய் திறங்கள், தங்கையே. வயதிலோ பதவியிலோ அவர் பெரியவர் என்பதற்காக அன்று. தார்ப்பாயைக் கட்ட மறந்தது நீங்கள் என்பதற்காக.

பதில்: கிள்ளான் செவிலியர்

ஆசிரியர் ஐயா சொன்னதை நானும் ஏற்கிறேன். எப்போது பேசுவது என்பதில் மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். விமான நிலையத்தில் பேசாதீர்கள். அங்கே ஒருவர் மனம் கடப்பிதழிலும் பெட்டியின் எடையிலும் இருக்கும். நீங்கள் பதினொரு மாதப் பாரத்தை இறக்கி வைத்தால் அதை வாங்கிக்கொள்ள அவருக்குக் கை இருக்காது. கடைசி இரவும் வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்திருப்பார்கள். வந்து இறங்கிய முதல் நாளிலேயே, இருவரும் தனியாக இருக்கும் ஒரு பொழுதில், இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். மீதி இரண்டு நாள்கள் உங்களுக்குச் சாதாரணமாகப் பேசிப் பழகக் கிடைக்கும்.

நான் 2018இல் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில், ரோஹிங்கியா அகதிகள் முகாமில் தன்னார்வச் செவிலியராக இருந்தேன். முந்தைய ஆண்டு ஆகஸ்டு 25க்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வந்து, மரம் வெட்டிய மொட்டைக் குன்றுகளில் மூங்கிலும் தார்ப்பாயுமாகக் குடில் போட்டிருந்தார்கள். எங்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஆள் மாறும். ஒருவர் பழகி முடிப்பதற்குள் அவருடைய முறை முடிந்துவிடும். அழுது விடைபெற யாருக்கும் நேரம் இல்லை. மழைக்காலச் சேற்றுக்கு எனக்குக் கொடுத்த ரப்பர் பூட்ஸின் உள்பக்கத்தில், அதற்கு முன் போட்டவர்களின் பெயர்கள் அழியாத மையால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தன. மூன்று பெயர்கள், மூன்றாவதற்குக் கீழே, “இடது காலில் தண்ணீர் ஏறும், இரண்டு காலுறை போடு” என்று ஒரு வரி. அவரை நான் பார்த்ததே இல்லை. புறப்பட்ட நாளில் நானும் என் பெயரை எழுதி, வெளியே வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அங்கே நான் சொன்ன விடைபெறல் அதுதான்.

எனக்கு உண்மையில் கடினமாக இருந்தது வீட்டுக்கு வந்த முதல் மாதம். எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள், எப்படி இருந்தது என்று. ஐந்து நிமிடத்தில் பேச்சு சம்பளத்துக்கும் சாலை நெரிசலுக்கும் போய்விடும். பேரங்காடியில் இருபது வகைச் சோப்பு அடுக்கியிருந்ததைப் பார்த்து எனக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது. அதை என் அக்காவிடம் சொன்னால் புரியவில்லை. உடனிருந்த தோழியிடம் தொலைபேசியில் பாதி சொன்னதுமே மீதியை அவளே சொன்னாள். ஆகவே ‘தொடர்பில் இருப்போம்’ என்று பொதுவாகச் சொல்லிப் பிரியாதீர்கள். வாட்ஸ்அப் குழு முதல் வாரம் நிழற்படங்களால் நிரம்பும், மூன்றாம் வாரம் பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுவிடும். கோலாலம்பூரில் இருக்கும்போதே முதல் அழைப்புக்கு நாளும் மணியும் குறித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஆறு பேரை வழியனுப்புவதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு உள்ளூர் இளைஞர்களைப் பற்றி ஒரே வரி. அவர்களிடம் எப்படி விடைபெற்றீர்கள்? நீங்கள் ஏழு பேரும் ஒரே நாளில் கிளம்பிவிடுகிறீர்கள்; அடுத்த நாள் காலையில் அதே ஊரில், அதே அடுப்பின் பக்கத்தில், ஆளில்லாத ஏழு படுக்கைகளோடு இருப்பவர்கள் அவர்கள். குழாய் உடைந்தால் ஊரார் கேள்வி கேட்கப்போவதும் அவர்களைத்தான்.

பதில்: பிரிக்பீல்ட்ஸ்காரன்

சகோதரிக்கு நடைமுறையில் பயன்படக்கூடிய சில செய்திகளை மட்டும் சொல்கிறேன். தங்குமிடத்திலிருந்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து விரைவு ரயிலில் விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். ஒவ்வொருவரும் எந்த முனையத்திலிருந்து கிளம்புகிறார் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே ரயிலில் மூன்று நிமிடம்தான் என்பதால், ஒருவரை அனுப்பிவிட்டு மற்றவரிடம் போய்ச் சேர முடியும். ஆறு பேரையும் விமான நிலையம் வரை கொண்டுவிட வேண்டும் என்பதில்லை. சிலர் அதை விரும்பமாட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை நண்பகல் எல்லோரையும் இங்கேயே வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போங்கள். சாப்பிட்டு முடித்ததும் இலையின் மேல்பாதியைத் தம் பக்கமாக மடிக்கச் சொல்லுங்கள். உறவு நீடிக்கட்டும், மறுபடியும் வருவேன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். துக்க வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பது. தெரியாதவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் மடித்துவிடுவார்கள், ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பதில்: தஞ்சோங் பூங்கா வாசகர்

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் பினாங்குக் கரையையும் அடித்தது. மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் இந்த மாநிலத்தில்தான். என் வீட்டுக்கு எதிரிலுள்ள கடலை அதன்பின் சில நாள்கள் என்னால் பார்க்க முடியவில்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள் என்று படித்தபோது, வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் ஒப்பாமல், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மட்டக்களப்புக்குப் போனேன். மூன்று மாதங்கள். கிணறுகளிலிருந்து உப்புநீரை இறைத்துத் தூய்மை செய்யும் குழுவில் இருந்தேன். உடனிருந்தவர்கள் நாலு பேர். அவர்களில் இருவர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர்கள், ஒருவர் தம் தாயைக் கடலுக்குக் கொடுத்தவர். மொழி ஒன்றே என்பதால் எனக்கு அங்கே அந்நியம் தெரியவில்லை. அவர் ‘வாறன்’ என்பதும் நான் ‘வரேன்’ என்பதும் மட்டுமே வேறுபாடு.

கிளம்பும் நாளில், அவர் இனியும் ஒரு பிரிவைத் தாங்க வேண்டாம் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, விடியுமுன் யாரிடமும் சொல்லாமல் வண்டியேறிவிட்டேன். மேசைமேல் ஒரு கடிதம் வைத்தேன். அது கருணை என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பின்னொரு நாள் தொலைபேசியில் பேசும்போது அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “அண்டைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தி வச்சிருந்தனான்.” தாயும் சொல்லாமல் போனவர்தாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வரும் என்று அஞ்சி எவரையும் தவிர்க்காதீர்கள். செவிலியர் அம்மா கேட்ட கேள்வியை நானும் கேட்கிறேன்.

மறுமொழி: செந்தூல் வாசகி

ஞாயிறு இரவு எழுதுகிறேன். எல்லோரும் போய்விட்டார்கள்.

உங்கள் பதில்களை நான் படித்தபோது காட்மாண்டுவில் இன்னும் ஒருநாள் மிச்சம் இருந்தது. உள்ளூர்த் தம்பிகளிடம் நாங்கள் ஊர்விழாவின் கூட்டத்தில் கைகூப்பியதோடு சரி, தனியாகப் பேசவேயில்லை. அன்று மாலை அழைத்தேன். பெரியவன் எடுத்தான். குறடு ஒன்று காணவில்லை, யார் எடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டான். என் பையில்தான் இருந்தது. பிறகு இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். மூன்றாம் குழாயில் கசிவு இருப்பதாகவும், அதை எப்படி அடைப்பது என்று பொறியாளரிடம் கேட்க வெட்கமாக இருப்பதாகவும் சொன்னான். கிளம்பும் அவசரத்தில் அவனுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் நான் பொறியாளரிடம் போனேன். ஆகவே எனக்கும் அவருக்கும் இடையில் பேச்சைத் தொடங்கிவைத்தது அந்தத் தம்பிதான்.

வியாழன் இரவு, விடுதியின் படிக்கட்டில். கசிவைப் பற்றிப் பேசி முடித்ததும், இங்கே கிள்ளான் செவிலியர் சொன்னபடி இரண்டு வாக்கியங்கள் சொன்னேன். தார்ப்பாயை நான் கட்டவில்லை. அதற்காக உங்களிடமும் சுமந்து வந்தவர்களிடமும் நான் மன்னிப்பே கேட்கவில்லை. அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அன்றைக்கு மூட்டைகளைத் தானே போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்றும், ஊரார் முன் கத்தியதை ஒவ்வொரு நாளும் நினைத்ததாகவும் சொன்னார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மறுநாள் காலை உணவின்போது என் தட்டில் இருந்த நாசி லெமாக்கின் நெத்திலியைக் கேட்காமல் எடுத்துத் தின்றார். மழைக்கு முன்னால், ஊரில் முதல் நாலு மாதங்கள், என் தட்டிலிருந்து அப்படித்தான் எடுப்பார்.

சனிக்கிழமை வாழையிலைச் சாப்பாடு. இலையைப் பற்றி முன்கூட்டியே சொல்லியும் ஆஸ்திரேலியப் பெரியவர் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டார். கொழும்பு அண்ணன் பதறிப்போய், கையெல்லாம் ரசமாக அதைத் திருப்பி மடித்தார். பிலிப்பைன்ஸ் அக்கா விமான நிலையத்துக்கு யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவரைக் கேஎல் சென்ட்ரலின் தடுப்பு வாயிலில் வழியனுப்பினோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் விருப்பம் அது. மற்றவர்களோடு நானும் போனேன். கடைசியாகக் கிளம்பியவர் ஜப்பானியத் தம்பி. எல்லோருக்கும் நான் ‘செலாமாட் ஜாலான்’ என்றேன்; அவன் மட்டும் தலைகுனிந்து வணங்கிவிட்டு, கொழும்பு அண்ணனிடம் கற்றுக்கொண்டதைச் சரியாக, ‘போய் வாறன்’ என்று சொன்னான். ரயிலில் வரும்போது சலாக் திங்கி நிலையம் வரை தாங்கினேன், அதற்குமேல் முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் காகிதக் கைக்குட்டை கொடுத்தார்.

முதல் அழைப்பு வரும் சனிக்கிழமை, நம் நேரம் இரவு எட்டு மணி. கென்யாவில் அப்போது பிற்பகல் மூன்று, ஜப்பானில் இரவு ஒன்பது. ஊரில் தம்பிகள் இருவருக்கும் ஐந்தே முக்கால், இருட்டுமுன். அழைப்பை மூன்றாம் குழாயின் அருகிலிருந்தே எடுக்கச் சொல்லியிருக்கிறார் பொறியாளர். கசிவைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். குறட்டை நாளை அஞ்சலில் அனுப்புகிறேன்.